பொதுத் திறன்களைப் பட்டப்படிப்பு முழுவதும் எப்படி வளர்ப்பது, எப்படி மதிப்பிடுவது?

தென்மாவட்டப் பேராசிரியை (வினா)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில், சிவில் துறையில் பாடம் நடத்தி வருகிறேன். அடுத்த கல்வியாண்டுக்காகப் பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவிலும் இருக்கிறேன். அந்தப் பணியில் தீராமல் நிற்கும் சிக்கல் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

2014 ஜூன் மாதம் இந்தியா, பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினராகச் சேர்ந்ததை ஒட்டி, விளைவு சார்ந்த கல்வி முறை நம் கல்லூரிகளில் வேரூன்றியது. தேசிய அங்கீகார வாரியம் வகுத்த பன்னிரண்டு பட்ட விளைவுகளில், அதாவது நாம் பிஓ என்று குறிப்பிடுபவற்றில், ஏழு நேரடியாகப் பாட அறிவைச் சார்ந்தவை அல்ல. சமூகப் பொறுப்பு, சுற்றுச்சூழல், அறநெறி, குழுப்பணி, தகவல் தொடர்பு, திட்ட மேலாண்மை, வாழ்நாள் கற்றல் ஆகியவை அவை. இப்போதைய திருத்தத்தில் பன்னிரண்டு பதினொன்றாகத் தொகுக்கப்பட்டிருந்தாலும் இந்தத் திறன்களின் இடம் குறையவில்லை. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் எந்த வேலைக்குப் போனாலும் அவருடன் போகக்கூடியவை இவைதான் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் நாங்கள் இவற்றை அளக்கும் முறை மனத்துக்கு ஒப்பவில்லை. கட்டமைப்புப் பகுப்பாய்வுப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாட விளைவுகளை, அதாவது அந்தப் பாடத்தை முடிப்பவருக்கு வர வேண்டிய திறன்களை, தகவல் தொடர்புத் திறனுடன் 3-க்கு 2 என்ற அளவில் இணைத்திருக்கிறோம். அகமதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று கணக்கிட்டுப் பாட விளைவின் அடைவு 3-க்கு 2.4 என்று வருகிறது. அதை 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 1.6. இந்த 1.6 மாணவரின் தகவல் தொடர்புத் திறனுக்கான சான்றாகக் கோப்பில் ஏறிவிடுகிறது. அந்தப் பருவம் முழுவதும் மாணவர் செய்தது உத்தரங்களின் வளைவுத் திருப்புத்திறனைக் கணக்கிட்டது மட்டுமே. அவர் ஒருவரிடமும் எதையும் விளக்கவில்லை, ஓர் அறிக்கையும் எழுதவில்லை.

ஆகவே என் கேள்விகள் இவை. இத்திறன்களுக்கெனத் தனிப்பாடம் வைப்பது நல்லதா, அல்லது துறைப் பாடங்களுக்குள்ளேயே பயிற்றுவிப்பதா? ஆண்டுக்கு 120 மாணவர்கள் பயிலும் துறையில் குழுப்பணியையும் தகவல் தொடர்பையும் நேர்மையாக மதிப்பிட முடியுமா? முதல் பருவத்திலிருந்து எட்டாம் பருவம் வரை திறன் வளர்ந்திருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற துறைத்தலைவர்

அம்மையாருக்கு வணக்கம். நீங்கள் காட்டிய கணக்கு பல கல்லூரிகளின் கோப்புகளில் இருக்கிறது. அங்கீகார ஆயத்தப் பணிகளில் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். எல்லாப் பாடங்களும் எல்லா விளைவுகளுடனும் இணைக்கப்பட வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. பாடங்களையும் விளைவுகளையும் இணைக்கும் அட்டவணையில் கட்டங்கள் காலியாக இருந்தால் குறையாகக் கொள்வார்களோ என்ற அச்சத்தில் நாமாகவே நிரப்பி வைத்தவை அவை. எந்தப் பாடத்தில் மாணவர் உண்மையாகவே பேசுகிறாரோ, எழுதுகிறாரோ, குழுவாகச் செயல்படுகிறாரோ, அந்தப் பாடத்தில் மட்டும் அந்த விளைவை இணைத்துவிட்டு மற்ற இடங்களில் கோடு போட்டுவிடுவதே நேர்மையான தொடக்கம். அப்போது அட்டவணை மெலிந்து தோன்றும். ஆனால் அதில் எஞ்சும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் காட்டக்கூடிய மாணவர் படைப்பு ஒன்று இருக்கும்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கை ஆவணத்தை உங்கள் குழுவினர் அனைவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஒவ்வொரு பட்ட விளைவையும் சில தகுதிகளாகவும், ஒவ்வொரு தகுதியையும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய செயல்குறியீடுகளாகவும் பிரித்துக்கொள்ளும் முறையை அது விளக்குகிறது. தொழில்முறைத் திறன்களை எழுத்துத் தேர்வால் மட்டும் மதிப்பிட இயலாது என்பதையும், சிறுதிட்டங்கள், இறுதியாண்டுத் திட்டப்பணி, தொழிலகப் பயிற்சி போன்றவையே அதற்கான இடங்கள் என்பதையும் அது வெளிப்படையாகவே கூறுகிறது. அந்த ஆவணம் வினாத்தாளில் புளூம் நிலைகளை, அதாவது ஒவ்வொரு வினாவும் நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல் என எந்தச் சிந்தனை நிலையைக் கேட்கிறது என்பதை, குறிப்பதற்கு மட்டுமே பயன்பட்டு, அதன் மறுபாதி பெரும்பாலும் படிக்கப்படாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

உங்கள் துறையில் இதற்கு இயல்பாகவே அமைந்த களம் சர்வே முகாம். நிலத்தின் உயர வேறுபாடுகளை அளக்கும் லெவலிங் வேலையை நினைத்துப் பாருங்கள். கருவியில் அளவு பார்ப்பவர் ஒருவர், ஸ்டாஃப் என்ற அளவுக்கோலைப் பிடிப்பவர் ஒருவர், களக் குறிப்பேட்டில் பதிபவர் ஒருவர், அடுத்த நிலையைத் தேர்ந்து முன்செல்பவர் ஒருவர். ஒருவர் கவனம் தவறினாலும் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து முடிக்கும்போது மூடுபிழை, அதாவது அந்தப் புள்ளியின் உயரத்தில் வரும் வேறுபாடு, காட்டிக்கொடுத்துவிடும். குழுப்பணியின் விளைவை இவ்வளவு துல்லியமாக எண்ணில் காட்டும் பயிற்சி வேறு துறைகளுக்கு எளிதில் கிடைக்காது. ஆனாலும் மூடுபிழையை வைத்து மட்டும் குழுப்பணிக்கு மதிப்பெண் கொடுத்துவிடக் கூடாது. நன்றாகக் கருவி பார்க்கத் தெரிந்த ஒருவரே நாள் முழுவதும் பார்த்து, மற்ற மூவரும் நிழலில் நின்றிருந்தாலும் பிழை குறைவாகத்தான் வரும். ஆகவே பொறுப்புகள் தினமும் சுழல வேண்டும். பிழை வந்தபோது குழு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அளவுகளைத் திருத்தி எழுதி மறைத்ததா, எந்த நிலையில் தவறியது என்று தேடிச் சென்று மீண்டும் அளந்ததா, குற்றத்தை ஒருவர் தலையில் சுமத்தியதா? குழுப்பணியும் அறநெறியும் ஒரே இடத்தில் வெளிப்படும் தருணம் அது. முகாம் பொறுப்பாசிரியர் கையில் நான்கைந்து செயல்குறியீடுகள் கொண்ட ஒரு தாள் இருந்தால், ஒவ்வொரு மாலையும் அவர் பார்த்ததைக் குறித்துவிடலாம்.

தனிப்பாடம் குறித்த கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனிப்பாடம் தொடக்கப் பயிற்சிக்கு உதவும். அந்தப் பயிற்சியைத் துறைப் பாடங்கள் திரும்பத் திரும்பக் கேட்காவிட்டால் அது அந்தப் பருவத்துடன் முடிந்துவிடும். தமிழ்நாடு அரசு மாணவர்களின் திறன் வளர்ச்சிக்காக 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகளையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவற்றில் கற்றதைத் துறை ஆசிரியர் தம் ஒப்படைப்பில் பயன்படுத்தச் சொல்லும்போதுதான் அது மாணவரிடம் நிலைக்கும்.

யாழ் விரிவுரையாளர்

பேராசிரியை அவர்களுக்கு வணக்கம். இலங்கையில் சமூக விஞ்ஞானப் பாடங்களைக் கற்பிப்பவன் என்ற வகையில் எங்கள் அனுபவத்தைப் பகிர்கிறேன். இங்கு 2012-இல் இலங்கைத் தகைமைகள் சட்டகம் அறிமுகமாகி, 2015-இல் திருத்தப்பட்டது. அது பொறியியலுக்கு மட்டும் உரியதன்று. கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் என எல்லாப் பட்டநெறிகளும் பன்னிரண்டு வகையான கற்றல் பேறுகளுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். பாட அறிவும் அதன் பிரயோகமும் முதலிரண்டு. தொடர்பாடல், குழுவேலையும் தலைமைத்துவமும், ஆக்கத்திறனும் பிரச்சினை தீர்த்தலும், தகவலைக் கையாளல், இசைவாக்கம், விழுமியங்கள், வாழ்நாள் கற்றல் போன்றவை மற்றப் பத்தில் அடங்கும். ஒரு திறமைப்புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணித்தியாலக் கற்றல் என்று சட்டகம் கணிக்கிறது. இதில் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே மாணவர் செலவிடும் நேரமும் அடங்கும். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைப்புள்ளிகள் எனில் அது 6,000 மணித்தியாலம். பொதுத் திறன்களுக்கு நேரமில்லை என்று சக விரிவுரையாளர்கள் கூறும்போது இந்த எண்ணைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். நேரம் இருக்கிறது. அதை நாம் குறிப்பு எடுப்பதற்கும் மனனம் செய்வதற்கும் ஒதுக்கிவிட்டோம்.

எங்கள் பீடங்களிலும் நீங்கள் சொன்ன அட்டவணைச் சிக்கல் உண்டு. அதைவிட ஆழமான இன்னொன்றை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தொடர்பாடல் திறனை எந்த மொழியில் மதிப்பிடுகிறீர்கள்? தமிழ் மொழிமூலம் பாடசாலைக் கல்வியை முடித்துவிட்டு ஆங்கில மொழிமூலப் பட்டநெறிக்கு வரும் மாணவரைக் கருதுங்கள். அவருடைய முன்வைப்புக்குக் குறைந்த புள்ளி கிடைக்கும்போது, கருத்தை ஒழுங்குபடுத்தத் தெரியாததற்காக அது குறைந்ததா, கேட்பவரின் நிலையறிந்து விளக்கத் தெரியாததற்காகக் குறைந்ததா, அல்லது ஆங்கில வாக்கியம் தடுமாறியதற்காகவா? மூன்றும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிட்டால் மாணவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. ஆசிரியருக்கும் எதைக் கற்பிப்பது என்று தெரியாது. நகர்ப்புற ஆங்கிலப் பாடசாலையிலிருந்து வந்தவர் முதலாம் வருடத்திலேயே உயர்ந்த புள்ளி பெற்று நான்கு வருடமும் அங்கேயே நிற்பார். கிராமத்திலிருந்து வந்தவர் உண்மையில் வளர்ந்திருந்தாலும் அந்த வளர்ச்சி பதிவாகாது. இது மதிப்பீட்டில் உள்ள அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, மொழித் தேர்ச்சியை மதிப்பீட்டுத் தாளில் ஒரு தனி வரிசையாகப் பிரித்துவிட்டு, மற்ற வரிசைகளை எந்த மொழியிலும் காட்டலாம் என்று அனுமதித்ததுதான். உங்கள் துறையில் இது இன்னும் பொருத்தமாக இருக்கும். ஒரு பொறியியலாளர் ஆலோசனை நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். அதே பொறியியலாளர், வீட்டின் சுவரில் விழுந்த வெடிப்பு ஆபத்தானதா என்று கேட்கும் வீட்டுக்காரருக்குத் தமிழில் விளக்கவும் வேண்டும். இரண்டாவது எளிதானது என்று எண்ணிவிடாதீர்கள். கலைச்சொல்லின் துணையின்றிப் பாரம் எவ்வழியாக அத்திவாரத்துக்கு இறங்குகிறது என்று சொல்லத் தெரிந்த மாணவரே அதை விளங்கிக்கொண்டவர். இவ்விரு பணிகளையும் மதிப்பீட்டில் சேர்த்தால், திறன் ஒரு சூழலிலிருந்து இன்னொரு சூழலுக்குப் போகிறதா என்பதையும் அதிலேயே பார்க்கலாம்.

மதிப்பீட்டு அலுவலர், கடல் கடந்து

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கற்றல் மதிப்பீட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். மூன்றாவது கேள்வியை, அதாவது வளர்ச்சியை எப்படி அறிவது என்பதை, மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் முன்னோடி மில்வாக்கியில் உள்ள ஆல்வெர்னோ என்ற மகளிர் கல்லூரி. 1970-களின் தொடக்கத்திலேயே அங்குள்ள ஆசிரியர்கள் தகவல் தொடர்பு, பகுப்பாய்வு, சிக்கல் தீர்த்தல், கூடிப் பழகிச் செயல்படுதல் முதலான எட்டு ஆற்றல்களைப் பட்டப்படிப்பின் முதுகெலும்பாக வைத்தார்கள். ஒவ்வொன்றையும் படிப்படியான நிலைகளாகப் பிரித்து, வெவ்வேறு துறைப் பாடங்களுக்குள்ளேயே அவற்றைக் காட்டச் செய்தார்கள். மாணவியர் தம் பேச்சைக் காணொளியில் பதிந்து, முதலில் தாமே அதை மதிப்பிட வேண்டும். ஆசிரியரின் மதிப்பீடு அதன் பிறகே வரும். தன்னைத்தானே சரியாக எடைபோடும் ஆற்றல் வளர்ந்தால்தான், ஆசிரியர் இல்லாத இடத்திலும் திறன் வளரும் என்பது அவர்களுடைய எண்ணம். என் பார்வையில் அந்தக் கல்லூரி நமக்குத் தந்த மிகப் பெரிய பாடம் இதுவே.

பிற்பாடு, அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2007-இல் தொடங்கிய முயற்சியில், பல கல்லூரிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து வேல்யூ ரூப்ரிக்குகளை, அதாவது ஒரு திறனின் ஒவ்வொரு நிலையும் எப்படி இருக்கும் என்று விவரிக்கும் மதிப்பீட்டு அட்டவணைகளை, உருவாக்கினார்கள். எழுத்து, பேச்சு, திறனாய்வுச் சிந்தனை, குழுப்பணி என ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். முதலாண்டு மாணவருக்கும் இறுதியாண்டு மாணவருக்கும் ஒரே அளவுகோல் என்பதே இதன் சிறப்பு. முதலாண்டில் 1 பெறுவது தோல்வி அல்ல. அது தொடக்க நிலை, அவ்வளவே. பாடத்துக்குப் பாடம் வேறு அளவுகோல் வைத்திருந்தால் நான்கு ஆண்டு வளர்ச்சியை ஒருபோதும் காண முடியாது. குழுப்பணிக்கான ரூப்ரிக், குழு முடித்துக் கொடுத்த பொருளை அளப்பதில்லை. கூட்டத்தில் ஒருவர் என்ன பங்களித்தார், பிறருடைய பங்களிப்புக்கு எப்படி இடம் கொடுத்தார், கருத்து மோதலை எப்படிக் கையாண்டார் என்று தனியாளின் நடத்தையைத்தான் அளக்கிறது. மேலே துறைத்தலைவர் ஐயா சர்வே முகாமைப் பற்றிச் சொன்னதும் இதையேதான்.

ஆனால் ரூப்ரிக்கை அச்சிட்டுக் கொடுப்பதால் மட்டும் ஒன்றும் நடக்காது. ஆசிரியர்கள் பத்து மாணவர் அறிக்கைகளைத் தனித்தனியாகப் படித்து நிலை குறித்து, பிறகு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஏன் நீங்கள் 3 கொடுத்தீர்கள், நான் ஏன் 1 கொடுத்தேன் என்று வாதிட வேண்டும். அந்த அரைநாள் கூட்டத்தில் பெரும்பாலும் ஓர் உண்மை வெளிவரும். பல அறிக்கைகள் தாழ்ந்த நிலை பெறுவது மாணவருக்கு அந்தத் திறன் இல்லாததால் அல்ல, கொடுத்த பணியே அந்தத் திறனைக் கேட்காததால். மாற்று வழிகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்து காரணம் கூறுக என்று பணியில் இல்லை என்றால், திறனாய்வுச் சிந்தனை அறிக்கையில் எங்கிருந்து வரும்? எனவே மதிப்பீட்டைத் திருத்தப் புகுந்தவர்கள் இறுதியில் ஒப்படைப்புகளைத் திருத்தி எழுதுவதில் போய் நிற்பார்கள். அது நல்லதே.

இன்னொன்று. உலகளாவிய ஒரே தேர்வால் பட்டதாரிகளின் பொதுத் திறனை அளந்து நாடுகளை ஒப்பிடலாமா என்று ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) அஹெலோ என்ற பெயரில் 17 நாடுகளில் சோதித்துப் பார்த்தது. அது முழு அளவிலான ஆய்வாக வளரவில்லை. ஒரு பெரிய தேர்வை நடத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்று உங்கள் குழுவில் யாராவது முன்மொழிந்தால், இதை நினைவூட்டுங்கள்.

2021-இல் பட்டம் பெற்றவன்

பேராசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் சிவில் படித்து இப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். மாணவர் பக்கத்திலிருந்து இரண்டு கருத்துகள்.

எனக்கு எழுத வந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரே ஓர் ஆய்வக ஆசிரியர். கான்கிரீட் ஆய்வக அறிக்கையை அவர் அந்த வாரமே திருப்பித் தந்து, முடிவுரையை மட்டும் மீண்டும் எழுதச் சொல்வார். 28 நாள் ஆன கான்கிரீட் கனசதுரத்தின் வலிமை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால், எண்ணை எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. நீர்–சிமெண்ட் விகிதமா, இறுக்குதலா, நீராற்றுதலா (க்யூரிங்) என்று காரணம் தேடி எழுத வேண்டும். மற்ற பாடங்களில் எங்கள் ஒப்படைப்புகள் பருவ இறுதியில் மொத்தமாகக் கட்டி வாங்கப்பட்டன, திரும்பி வரவே இல்லை. திரும்பி வராத மதிப்பீட்டால் மாணவர் எதையும் கற்க முடியாது.

அடுத்து, குழுவில் உள்ளவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் இடும் முறை பற்றி. அதைச் செய்யும்போது மிகவும் கவனமாக இருங்கள். விடுதியில் ஒரே அறையில் இருப்பவர்கள் பேசிவைத்து அனைவருக்கும் சமமாகப் போட்டுவிடுவார்கள். அதைவிட மோசமானது, குழுவில் தனித்துவிடப்பட்ட ஒருவருக்கு, அவர் உழைத்திருந்தாலும், அவருடைய ஊரோ சாதியோ பின்னணியோ காரணமாகக் குறைத்துப் போடுவது. இவை பேசப்படாமல் இருப்பதால் இல்லை என்று ஆகிவிடாது. எண்ணுடன் சான்றும் கேளுங்கள். இவர் இந்தக் கூட்டத்தில் இதைச் செய்தார், இந்த வரைபடத்தை இவர் திருத்தினார் என்று எழுதச் சொன்னால், காரணமில்லாத மதிப்பெண் ஓரளவுக்கு நிற்காது.

மதிப்பீட்டு அலுவலர், கடல் கடந்து

தம்பி சொன்னது மிக முக்கியமானது. பிரிட்டனில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான, சகமாணவர் மதிப்பீட்டுக்கான வெப்பிஏ போன்ற இணையக் கருவிகளில், ஒவ்வோர் உறுப்பினரும் மற்றவர்களுக்கு இடும் மதிப்பு முதலில் விகிதமாக மாற்றப்படும். ஒருவர் எல்லோருக்கும் தாராளமாகப் போட்டாலும், கஞ்சத்தனமாகப் போட்டாலும் மொத்தம் ஒன்றுதான். அவ்விகிதங்களைக் கூட்டும்போது நால்வர் குழுவில் ஒருவருக்கு 1.1 வந்தால், குழுவின் மதிப்பெண்ணை அதனால் பெருக்குவார்கள். இதனால் தாராளமும் கஞ்சத்தனமும் சரியாகும், தப்பெண்ணம் சரியாகாது. அதனால் சகமாணவர் மதிப்பீடு மதிப்பெண்ணில் ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்றலாம் என்று வரம்பு வைப்பதும், ஒருவருக்கு மட்டும் மற்ற மூவரும் குறைத்திருந்தால் ஆசிரியர் அந்தக் குழுவை நேரில் அழைத்துப் பேசுவதும் கட்டாயம் வேண்டும்.

தென்மாவட்டப் பேராசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. படித்த பின் பணிச்சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 120 மாணவர்களின் இரண்டு பக்க அறிக்கையை, ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், ஒருவர் படிக்க 20 மணி நேரம் ஆகும். துறையில் ஆறு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. எல்லாப் பாடங்களிலும் எல்லாத் திறன்களையும் அளப்பதாகக் காட்டிக்கொள்வதை விட்டுவிட்டால் இது முடியாத காரியம் அல்ல.

ஆகவே குழுவில் இப்படி முன்மொழியப் போகிறேன். இரண்டாம் ஆண்டில் கான்கிரீட் ஆய்வக அறிக்கை, திருப்பித் தந்து மீண்டும் எழுத வைத்து. மூன்றாம் ஆண்டில் சர்வே முகாம், குழுப்பணிக்காக. இறுதியாண்டில் திட்டப்பணி, ஆங்கில அறிக்கையுடனும், பொறியியல் அறியாத ஒருவருக்குத் தமிழில் தரும் விளக்கத்துடனும். எழுத்தும் விளக்கமும் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் ஒரே தகவல் தொடர்பு ரூப்ரிக், அதில் மொழித் தேர்ச்சி தனி வரிசை. குழுப்பணிக்குரிய செயல்குறியீட்டுத் தாளை முகாமிலும் திட்டப்பணியிலும் பயன்படுத்துவோம். இவை நடைபெறாத பாடங்களிலிருந்து அந்த இணைப்பு எண்களை நீக்கிவிட வேண்டும் என்றும் கேட்பேன். இதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. திட்டப்பணியின் வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளரிடமும் இந்த ரூப்ரிக்கைக் கொடுக்கலாமா? அவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுபவர்கள்.

ஓய்வுபெற்ற துறைத்தலைவர்

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் குழுப்பணி வரிசையை அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. விளக்கும் திறனையும் கேள்விக்கு விடை தரும் முறையையும் மட்டும் அவர் குறிக்கட்டும். அதற்கும் முன், கடந்த ஆண்டு மாணவர் ஒருவரின் பதினைந்து நிமிடக் காணொளியை, அந்த மாணவரின் இசைவுடன், அவருக்குக் காட்டி உங்கள் துறை எதை 2 என்கிறது, எதை 3 என்கிறது என்று பேசிக்கொள்ளுங்கள். எதிர்ப்பு வரும் என்று நீங்கள் எண்ணும் கூட்டத்துக்கு, கட்டமைப்புப் பகுப்பாய்வு விடைத்தாள் ஒன்றையும், அதிலிருந்து பெறப்பட்ட அந்த 1.6 என்ற எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த விடைத்தாளில் தகவல் தொடர்புத் திறன் எங்கே தெரிகிறது என்று உறுப்பினர்களையே தேடிக் காட்டச் சொல்லுங்கள்.